மம்பட்டிப் பிடியில் இரண்டாவது வெட்டு

என் வீட்டுக்காரர் மதன்குமாரின் காதில் எங்கிருந்தாவது ஒரு சிரிப்பு விழுந்தால் போதும், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். சந்தையில் நான்கு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தால் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வார். எங்கள் தோப்பு வீட்டுக் கேட்டுக்கு முன்பு பச்சை பெயின்ட் அடித்திருந்தோம். தேங்காய் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர், "கவருமென்ட் ஆஸ்பத்திரியாட்ட இருந்துச்சுங்க, அதான் தாண்டிப் போயிட்டேன்" என்றார். அவர் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். அடுத்த வாரமே கேட் கறுப்பாகிவிட்டது. கறுப்பைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாமல் போனாரே என்று அதற்கும் இவருக்கு ஒரு வாரம் உறுத்தல்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. மரம் ஏற வருகிறவர்களிடம்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். எந்த வரிசையில் எந்த மரம் காய்ப்புக் குறைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது என் மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டார். இவர் படிப்பை விட்டுவிட்டு உடுமலைக்கே திரும்பினார். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்களாம். இவருடைய அக்கா ஒருவர்தான், "என்ற தம்பி பாத்துக்குவானுங்க. அவனுக்குத் தெரியாததை நான் வந்து நின்னு சொல்லித் தாரேன்" என்று எதிர்த்து நின்றிருக்கிறார். சொன்னபடியே சோமனூரில் தன் குடும்பத்தை விட்டுவிட்டு ஆறு மாதம் இங்கே வந்து இருந்தாராம். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்தது இது. ஆனால் இந்த வீட்டில் இதைக் கேட்காமல் ஒரு பொங்கலும் எனக்குப் போனதில்லை.

அந்த அக்காவின் பெயர் பழனியாத்தாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். நங்கையாவின் கணவர் அப்புசாமி சோமனூரில் தறி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் மச்சினனைக் கேலி பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

ஜீப் வாங்கியபோது இவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. தோப்புக்குள் போகவும் ஆகும், விசேஷத்துக்குப் போகவும் ஆகும் என்று காரணம் சொன்னார். வாங்கிக் கொஞ்ச நாளில் வாய்க்கால் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எங்கள் தோப்புக்குப் போகிற மண்பாதை வாய்க்காலை ஒட்டியே போகும். தண்ணீர் வந்தால் கசிந்து கசிந்து பாதை முழுக்கச் சேறாகிவிடும். அந்த நேரம் பார்த்து அப்புசாமி அண்ணன் விருந்துக்கு வந்திருந்தார். "வாங்க மாமா, தோப்பைப் பார்த்துட்டு வரலாம்" என்று இவர் அவரை ஜீப்பில் உட்கார வைத்துக்கொண்டு போனார். பாதி வழியில் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. எவ்வளவு முறுக்கினாலும் சேறு பின்னால் பறந்ததே தவிர, வண்டி நகரவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது. வெள்ளை வேட்டி முழுக்கச் சேற்றோடு அப்புசாமி அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளே, ஜீப்பு வாங்கினது அந்த டிராக்டருக்கு வேலை குடுக்கறதுக்குங்களா?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு காதுகுத்து, புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை என்று எங்கே பார்த்தாலும், கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்பார். "மாப்பிள்ளே, ஜீப்பு எந்திரிச்சிருச்சுங்களா, இன்னும் எருமையாட்ட படுத்துத்தான் கெடக்குதுங்களா?" பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். காது மடல் இரண்டும் சிவந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேச்சிருக்காது. போனில் ஜீப் வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆற்றுக்குள்ளும் பாறை மேலும் ஏறி இறங்குகிற ஜீப்புகள். சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோகும் வரைக்கும் பார்ப்பார்.

வாய்க்கால் தண்ணீர் நிற்பதற்குள் ஒருநாள் காலையில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாதைக்குப் போனார். மடை திருப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். கஞ்சி கொண்டு போனபோது பார்த்தால், மம்பட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பிடியைச் சேற்றுக்குள் குத்திக்கொண்டிருந்தார். அடியில் கெட்டியான மண் தட்டுப்பட்டதும் சேற்றின் மேல்மட்டத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு பிடியை வெளியே எடுத்தார். விரல் இருந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டார்.

"இத்தனை ஆழம் வருது அம்மணி. ஜீப்பு வயிறு இதுக்கு மேல இருந்தாப் போதும். அப்பறம் எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்" என்றார்.

வருடத்தில் வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாட்கள்தான் அந்தப் பாதை சேறாக இருக்கும். மற்ற நாளெல்லாம் புழுதி. அது இவருக்குத் தெரியாததல்ல.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் ஜீப்புகளுக்கு வேலை செய்கிற ஒரு கடைக்குப் போனோம். கண் டாக்டரிடம் எனக்கும் வேலை இருந்ததால் நானும் கூடப் போனேன். கடைக்காரர் பெயர் அருள்குமார். இவரைவிட வயது குறைந்தவர், பொறுமையாகப் பேசுகிறவர். உள்ளே ஜீப்புகள் எல்லாம் கால் ஊன்றாமல் அந்தரத்தில் நின்றன. சுவரோரம் ஆள் உயரத்துக்கு டயர்கள் அடுக்கியிருந்தன. ரப்பர் வாசம் மூக்கை அடைத்தது. எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. டயர் அடுக்கின் ஓரமாக நின்றுகொண்டேன்.

இவர் ஜீப்பின் பின்னாலிருந்து மம்பட்டியை எடுத்துவந்து, ஜீப்பின் ஓரமாக நிமிர்த்தி வைத்தார். "இந்த வெட்டு வரைக்கும் சேறுங்க. இதுக்கு மேல வண்டி நிக்கோணும்."

அங்கே வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல. கடைக்கு மம்பட்டியோடு வந்த ஆளை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் இவர் பார்த்துவிட்டார். காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

அருள்குமார் குனிந்து அளந்து பார்த்தார். "அண்ணா, லிப்ட் கிட்டுன்னா ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாத்தி பாடியத் தூக்கறதுங்க. ஆனா அடியில ஆக்ஸில் நடுவுல குண்டா இருக்குது பாருங்க, அதுதான் சேத்துல மொதல்ல இடிக்கும். எத்தனை கிட்டுப் போட்டாலும் அது ஒசராது. டயரு பெருசானாத்தான் ஒசரும். உங்களுக்கு ரெண்டு இஞ்சு லிப்ட் போதுமுங்க. டயரு ஒரு சைஸ் பெருசா, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவானது போட்டுக்கலாம்."

"அந்த டயரு என்னுங்க?" இவர் சுவரோரம் இருந்த பெரியதைக் காட்டினார். ஒவ்வொரு கட்டையும் உள்ளங்கை அகலம் இருந்தது.

"அது சேத்துக்குன்னே வர்றதுங்க. தார் ரோட்டுல ஊளை உடும். மழையில பிரேக் அடிச்சாக் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிக்கும். அதைப் போட்டா நாலு இஞ்சாச்சும் தூக்கோணும், இல்லாட்டி மட்கார்டுல ஒரசும். கணக்குப் பாத்தா அரையடி ஒசந்துருமுங்க."

அரையடி என்ற வார்த்தை இவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

அருள்குமார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "தினமும் வண்டியில யாரெல்லாம் வருவாங்க? பெரியவங்க யாராச்சும் ஏறுவாங்களாங்க? அப்படின்னா சைடுல இருக்கற புட்போர்டை எடுக்காம வெச்சுக்கலாம்" என்றார்.

மெக்கானிக்குகள் அங்கேயே நின்றிருந்தார்கள். இவர் சொன்னார்: "யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்."

அருள்குமார் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டார். நான் டயர் கட்டைகளுக்கு நடுவே இருந்த சந்துகளைப் பார்த்தேன். டிபன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியில் அப்போதுதான் வந்து இறங்கியவள், வண்டியில் வராதவளாக நின்றேன். என்றாலும் இவர் அருகில் போய் மெதுவாகச் சொன்னேன். "ஏனுங்க, தீபக் கல்யாணத்துக்கு நங்கையாவைக் கூட்டிட்டு வரோணுமில்லீங்க. முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்குது."

"அக்கா வருசத்துக்கு ஒருக்கா ஏறும். அதுக்காக வண்டியப் படுக்கப் போட்டு வெக்கறதா? நீ சித்த சும்மா இரு." பல்லுக்குள்ளேயே சொன்னார். பிறகு அருள்குமாரிடம், "அந்தப் பெரிய டயரே போடுங்க. நாலு இஞ்சு. புட்போர்டைக் கழட்டிருங்க, பாறையில இடிக்கும்" என்றார். எங்கள் தோப்பில் பாறை கிடையாது.

வேலை முடிந்து வந்த ஜீப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குள் பையன்கள் போட்டோ எடுத்தார்கள். எங்கள் மகள் தாவி ஏறிக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்து, ஒரு காலைக் கதவுக்குக் கீழே விளிம்பில் வைத்து, மூச்சைப் பிடித்து எம்ப வேண்டும். எம்பும்போது சேலை முழங்கால் வரைக்கும் ஏறும். ரோட்டில் ஆள் நடமாட்டம் ஓயும் வரை ஏதோ மறந்துபோனதைத் தேடுகிறவளைப் போலக் கேட் பக்கத்தில் நிற்பேன். இவர் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, "இன்னும் என்ன?" என்பார்.

வாய்க்காலில் மறுபடி தண்ணீர் வருவதற்குள் தீபக்கின் கல்யாணம் வந்துவிட்டது. தீபக் இவருடைய கடைசித் தம்பி. எங்களில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு முனையை அவளும் மறுமுனையைத் தம்பியும் பிடித்திருப்பார்கள். மனைவி வந்த பிறகும் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊர் பார்க்கச் சொல்வது அது. அந்தச் சீர்க்காரியைப் பிறந்த வீட்டு ஆண் யாராவது நேரில் போய்த் தன் வண்டியில் கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். தானாக வந்தால் அழைப்பில்லாமல் வந்ததாகப் பேசுவார்கள்.

முந்தின நாள் மத்தியானம் இவர் ஜீப்பைக் கழுவித் துடைத்து, முன்னால் பூச்சரம் கட்டிக்கொண்டு கிளம்பினார். கூட ஒரு பெண் வர வேண்டும் என்பதால் நானும் போனேன். நங்கையாவுக்காக முன்சீட்டில் புதுத் துண்டு விரித்திருந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "மாமா பாக்கட்டும் இன்னைக்கு" என்று வழியில் ஒருதடவை சொல்லிக்கொண்டார்.

சோமனூரில் அந்த வீதிக்குள் நுழையும்போதே தறிச்சத்தம் மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் டயர் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பின்னாலேயே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அப்புசாமி அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளே, தண்ணித் தொட்டி மேல ஜீப்பை ஏத்தி வெச்சிருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை இவரும் உண்மையாகவே சிரித்தார். "இனி எந்திரிச்சிருச்சான்னு கேக்க மாட்டீங்கல்ல மாமா?"

நங்கையா வெளியே வந்தார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. ஆபரேஷன் பண்ணின காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துத்தான் நடந்தார். ஆனால் முகம் பூரித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "என்ற தம்பி வந்துட்டானுங்க, போயிட்டு வாரேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜீப்பின் பக்கத்தில் வந்ததும் நின்றார். கதவு திறந்திருந்தது. சீட் அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"எப்படிடா ஏறறது?"

"இந்தக் கம்பியப் புடிச்சுட்டு ஒரு எம்பு எம்பு அக்கா."

நல்ல காலை விளிம்பில் வைத்தால் ஆபரேஷன் பண்ணின காலை ஊன்றி எம்ப வேண்டும். அது முடியவில்லை. அந்தக் காலை மேலே வைக்கலாம் என்றால் மடங்கவில்லை. யாரோ சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வீதியோரச் சாக்கடைப் பலகை மேல் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நங்கையா அதன் மேல் ஏறி ஒரு காலை உள்ளே வைத்தார். நாற்காலியின் கால் விரிந்தது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். சேலை கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டும். கூடப் பிறந்தவனானாலும் வீதியே பார்க்க அங்கே தொட முடியுமா? இவர் இரண்டு கையையும் பாதி நீட்டி அப்படியே நின்றுவிட்டார். நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஓடிப்போய்த் தாங்கினோம். எங்களாலும் தூக்க முடியவில்லை.

கனமான பாவு உருளையைத் தறியில் ஏற்றச் சங்கிலி வைத்திருப்பார்கள். கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "பாவு தூக்கற செயினு உள்ள இருக்குதுங்க, கொண்டாரட்டுங்களா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களும் இருந்தார்கள், பொத்தாமல் சிரித்தவர்களும் இருந்தார்கள். அப்புசாமி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எறக்கி உடு கண்ணு" என்றார் நங்கையா என்னிடம். குரல் மிகச் சன்னமாக வந்தது. இறக்கினோம். கொசுவத்தைச் சரி செய்து, கழன்ற பூவை எடுத்துச் சொருகிக்கொண்டார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல், ஜீப்பின் டயரைப் பார்த்துச் சொன்னார். "மதனு, நீ போ. நான் மாமன்கூட வந்துர்றேன்."

தறிக்குப் பாவு ஏற்றுகிற டெம்போ வாசலிலேயே நின்றது. படி தாழ்வு. நங்கையா கதவைப் பிடித்து, நல்ல காலை வைத்து, ஒரு தடவையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்புசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வண்டியை எடுத்தார்.

சோமனூரிலிருந்து உடுமலை வரைக்கும் இவர் டெம்போவின் பின்னாலேயே வந்தார். முந்திப் போக மனம் வரவில்லை போலிருக்கிறது. டெம்போ மெதுவாகப் போனால் மெதுவாக, நின்றால் நின்று. டயர் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. முன்சீட்டில் துண்டு விரித்தது விரித்தபடியே இருந்தது. முன்னால் வந்து உட்கார் என்று இவர் சொல்லவில்லை. நானும் போகவில்லை. பல்லடம் தாண்டும் வரைக்கும் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். காது மடல் இல்லை, கழுத்தே சிவந்திருந்தது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். பூக்கட்டிய ஜீப்பைப் பார்த்ததும் எல்லாரும் அதை நோக்கி வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் நான் மட்டும் இருக்கிறேன். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அதற்குள் டெம்போவிலிருந்து நங்கையா இறங்கினார். அரக்குப் பட்டின் தோளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

எங்கள் பெரியம்மா முறையுள்ள ஒருவர் கேட்டார். "ஏனுங்க அம்மணி, பொறந்தவன் கூட்டிட்டு வர்லீங்களா?"

"அவன் பின்னாலயேதானுங்க வந்தான். எனக்கு டெம்போல காத்து நல்லா வருமுங்க, அதான்" என்றார் நங்கையா. சொல்லிவிட்டு ஆரத்திக்கு நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார். இவர் ஜீப்பிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இணைச்சீர் நடந்தது. நங்கையாவும் தீபக்கும் சேலை முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனாக முன்னால் நிற்க வேண்டிய இவர் தூணோரம் ஒதுங்கி நின்றார். நங்கையாவின் முதுகில் ஒரு பஞ்சுத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இவருடைய கண் அதிலேயே இருந்தது. கடைசியில் நான் போய் எடுத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இவர் ஜீப்பை ஊருக்குள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். வாய்க்கால் தண்ணீர் வந்தது. ஜீப் எங்கும் சிக்காமல் சேற்றைத் தாண்டிப் போனது. தாண்டினதை யாரிடமும் இவர் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் நங்கையா விருந்துக்கு அழைத்திருந்தார். எங்களையும்தான். தீபக் காரில் முன்னால் போய்விட்டான். நாங்கள் ஜீப்பில் போனோம். வீதி முனையில் கோயில் மதிலுக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தினார். "இங்கிருந்து நடந்துக்கலாம்" என்றார். நான் பலகாரப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"வாடா. எதுல வந்தீங்க?" என்றார் நங்கையா.

"பஸ்சுலதாங்கா. வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்குது."

சாப்பிட்டு முடித்து இவர் வெளியே போனார். நான் சமையல்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் டெம்போ நின்றது. இவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். தரையிலிருந்து டெம்போவின் படி வரைக்கும் சாணால் அளந்தார். ஒரு தடவை அளந்தது போதாமல் மறுபடியும் அளந்தார். அப்போது அப்புசாமி அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டு வெளியே வந்துவிட்டார். இவர் சட்டென்று டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி கையை மாற்றினார்.

"என்னுங்க மாப்பிள்ளே, டெம்போவுக்கும் லிப்ட் போட்டுறலாம்னுங்களா?"

"இல்லீங்க மாமா. காத்து கம்மியா இருக்கறாப்பல இருந்துச்சு."

"அதெல்லாம் சரியா இருக்குது. உங்கக்கா ஏறி எறங்கற வண்டியாச்சுங்களே."

அதைக் கேலியாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் அப்படியே குனிந்திருந்தார்.

அந்த நேரம் வீதிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். "பெரிய டயரு ஜீப்பு கோயிலுக்குப் பொறத்தால நிக்குது!" நங்கையா நிலைப்படிக்கு வந்தார். தம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சொம்பைப் பார்த்தேன்.

"ஏண்டா மதனு, வண்டிய ஒளிச்சு வெச்சுட்டா வந்தே?"

இவர் டெம்போவின் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"அன்னைக்கு நான் தொங்குனதை ஊரே பாத்துச்சு. அது போவுது, முட்டி வலிக்காரி, ஏற முடியல. இன்னைக்கு என்ற பொறந்தவன் என்ற வாசலுக்கு வண்டியக் கொண்டாரக் கூச்சப்பட்டுட்டு வீதி முக்குல நிறுத்திப் போட்டு நடந்து வாரான்னா, இந்தச் சனம் என்ன பேசும்? மதிக்காத ஊட்டுக்குத்தான் அப்பிடி வருவாங்க. அதைவிட இதுதான்டா எனக்குக் கேவலம்."

"அப்பிடி நெனைக்கலீங்கா…"

"போய் எடுத்துட்டு வா. வாசல்ல நிறுத்து. நான் ஏற மாட்டேன். அது வேற."

இவர் போய் எடுத்துவந்தார். நல்ல வெயில். வாசல் முழுவதையும் ஜீப் அடைத்துக்கொண்டு நின்றது. நங்கையா அதைப் பார்க்காமல் புதுப்பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். நான் ஏறிவிட்டேன். இவரும் ஏறி, இன்ஜினைப் போட்டு, "போயிட்டு வாரேங்கா" என்று சொல்ல வாயைத் திறந்தார். நங்கையா கீழே நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையை அண்ணாந்து பார்த்தார். இவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்து கீழே இறங்கி, அக்காவுக்கு எதிரில் நின்று, "போயிட்டு வாரேங்கா" என்றார்.

"சரி, பாத்துப் போ" என்றார் நங்கையா. அவ்வளவுதான். தோளில் கை வைக்கவில்லை, சிரிக்கவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் மம்பட்டியை எடுத்தார். பிடியின் அடியிலிருந்து சாண் போட்டு அளந்து, பழைய வெட்டுக்குக் கீழே இன்னொரு வெட்டுப் போட்டார். அடுத்த நாள், கொப்பரைக் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளையும் டயர்களையும் புட்போர்டையும் ஜீப்பின் பின்னால் ஏற்றினார். "நீயும் வா" என்றார். கண் டாக்டரிடம் அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

கடையில் அதே மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஜீப்பையும் மம்பட்டியையும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். அருள்குமார் பிடியிலிருந்த புது வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது எந்தச் சேறுங்கண்ணா?"

"சேறில்லீங்க. எங்கக்கா கால் வெக்கற ஒசரம்." இவர் மம்பட்டியை ஜீப்பின் மேல் சாய்த்து வைத்தார். "முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க. எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழசையே போட்டுருங்க. அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான்தான் யாரும் வர மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"லிப்ட் போட வாரவங்கதானுங்க இங்க உண்டு. எறக்கச் சொல்லி வந்தது நீங்கதான் மொதல் ஆளு" என்றார் அருள்குமார். மெக்கானிக்குகளில் ஒருவர் சிரித்தார். இவருடைய காது மடல் சிவந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை முடிய மத்தியானம் ஆயிற்று. இந்தத் தடவை உட்காரச் சொல்லி எனக்கு ஸ்டூல் போட்டார்கள். ஜீப் தரைக்கு இறங்கி நின்றதும் இவர் மம்பட்டியை எடுத்துப்போய்ப் புட்போர்டின் பக்கத்தில் நிறுத்தினார். நன்றாகப் பார்ப்பதற்காக, கிரீஸ் படிந்த தரையில் வெள்ளை வேட்டியோடு மண்டி போட்டார். புட்போர்டு வெட்டுக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் எறக்கோணுமுங்க."

"கம்பெனியிலயே இவ்வளவுதானுங்கண்ணா. இதுக்குக் கீழ வண்டி எறங்காது."

இவர் எழுந்திருக்கவில்லை. மண்டி போட்டபடியே விரலால் அந்த இடைவெளியைக் காட்டினார். "அப்ப இதுக்கடியில இன்னொரு படி வெச்சு வெல்டிங் அடிச்சுக் குடுங்க. சேத்துல இடிச்சா இடிக்கட்டும்."

அருள்குமார் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க ஒருக்கா ஏறிப் பாக்கறீங்களா? படி எங்க வரோணும்னு தெரியும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இவர் மண்டி போட்ட இடத்திலிருந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.